கொழும்பில் பழைய பென்ஸ் வாங்குவோருக்கு: நட்சத்திரத்தின் பெயரையும் வண்டியின் வரலாற்றையும் எடைபோடும் முறை

கொழும்பில் பாவித்த மெர்சிடிஸ் பென்ஸ் ஒன்றை விற்க வருபவர் பெரும்பாலும் வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை, பெயரைப் பற்றியே பேசுவார். "ஜேர்மன் சாமான் அண்ணை, இரும்பு", "டொக்டர் ஒருத்தர்தான் வைச்சிருந்தவர்", "பென்ஸ் எண்டால் விலை இறங்காது" என்று அடுத்தடுத்து வரும் வசனங்களில் அப்பட்டமான பொய் எதுவும் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த 'இரும்பு' என்ற பெயரை எந்த ஆண்டில் செய்யப்பட்ட, எந்த வரிசையைச் சேர்ந்த, எந்த எஞ்சின் பூட்டிய வண்டி சம்பாதித்துக் கொடுத்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1980-ஆம் ஆண்டின் டீசல் கார் ஈட்டிய நற்பெயருக்காக 2004-ஆம் ஆண்டின் மின்னணுக் காருக்குக் கூடுதல் விலை கொடுப்பது, குடும்பத்தின் பழம்பெருமையைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளையை விசாரிக்காமல் விடுவதற்கு ஒப்பான காரியம். பெயரை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி, பிறகு கண்முன் நிற்கும் ஒரு வண்டியின் சொந்த வரலாற்றைத் தகட்டிலும் தாளிலும் எஞ்சினிலும் வாசிப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெயர் எங்கிருந்து வந்தது

விற்பவரின் பேச்சை எடைபோட நிறுவனத்தின் முழு வரலாறும் தேவையில்லை. அடிப்படையான சிலவற்றைத் தெரிந்திருந்தால் போதும். இந்நிறுவனத்துக்கு வேர்கள் இரண்டு. மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று தமது மூன்று சில்லு மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதே ஆண்டில் கான்ஸ்டாட்டில் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் குதிரை வண்டி ஒன்றில் தங்கள் எஞ்சினைப் பூட்டி ஓட்டினார்கள். பென்ஸின் வண்டியை வாங்குவார் அதிகம் இல்லாதிருந்த 1888 ஆகஸ்டில், அவருடைய மனைவி பெர்த்தா தம் இரண்டு மகன்மாரை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை, 100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தைக் கடந்தார். வழியில் வீஸ்லொக் ஊரின் மருந்துக்கடையில் லிக்ரோயின் என்ற கரைப்பானை எரிபொருளாக வாங்கினார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் துப்புரவாக்கினார். தேய்ந்துபோன பிரேக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தோல் அடித்துக்கொண்டார். இந்நிறுவனத்தின் நற்பெயர் பளபளப்பில் தொடங்கவில்லை. வழியில் பழுதானதை வழியிலேயே சரிசெய்ய முடிந்ததில்தான் தொடங்கியது. பழைய பென்ஸ் ஒன்றையும் புதிய பென்ஸ் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இந்த அளவுகோல் மிகவும் உதவும்.

மெர்சிடிஸ் என்ற பெயர் பின்னால் வந்தது. நீஸ் நகரில் டைம்லரின் கார்களை விற்றுவந்த எமில் யெலினெக் என்ற வணிகர், தாழ்ந்த உடலும் அதிக வலுவும் கொண்ட பந்தயக் கார் ஒன்றைச் செய்துதரும்படி வற்புறுத்தி, அதற்குத் தம் மகளின் பெயரை இட்டார். 1901-இல் ஓடிய அந்த 35 குதிரைவலு கார் பெற்ற வெற்றியினால் 1902-இல் பெயர் வணிகச் சின்னமாகப் பதிவாயிற்று. டைம்லரின் சின்னமான மூன்றுமுனை நட்சத்திரம் 1909-இல் பதிவானது. முதலாம் உலகப் போருக்குப் பிந்திய பொருளாதார நெருக்கடியில் இரு நிறுவனங்களும் நெருங்கி, 1926 ஜூனில் டைம்லர் பென்ஸ் என ஒன்றாயின. ஆகவே "1886 முதல் மெர்சிடிஸ்" என்று ஒருவர் சொன்னால், அவர் விளம்பரத்தை மட்டும் வாசித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

1930-களில் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வளர்ந்தன. 1936-இல் வந்த 260 டி, தொடராக உற்பத்தி செய்யப்பட்ட முதல் டீசல் பயணிகள் கார்களில் ஒன்று. வாடகைக் கார்க்காரர்களின் நம்பிக்கையைப் பெற்ற நீண்ட வரிசையின் மூத்த பிள்ளை அது. அதே காலத்தில் 770 என்ற பெருங்கார் ஆட்சியாளர்களின் வண்டியாயிற்று. ஜப்பானியப் பேரரசரின் கொட்டகையிலும் நின்றது, ஹிட்லரின் ஊர்வலங்களிலும் ஓடியது. போர்க்காலத்தில் இந்நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் பல்லாயிரக்கணக்கானோர் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டனர். நிறுவனமே பிற்காலத்தில் அதை ஒப்புக்கொண்டு ஆய்வுக்கும் இழப்பீட்டுக்கும் இடமளித்தது. பழங்கார் சேகரிப்போர் மத்தியில் இப்பகுதி விடுபட்டுப்போவதுண்டு. 1930-களின் வண்டி ஒன்றுக்குப் பெருவிலை கேட்கப்படும்போது அது யாருக்காகச் செய்யப்பட்டது, யாரிடம் இருந்தது என்று கேட்பது நாகரிகக் குறைவல்ல.

எந்தப் புகழ் எந்த ஆண்டுக்கு உரியது

பென்ஸின் பெயரை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும்: பாதுகாப்பின் பெயர், நீடித்துழைப்பின் பெயர், ஆடம்பரத்தின் பெயர். இம்மூன்றும் ஒரே காலத்தில் உச்சத்தில் இருந்ததில்லை.

பாதுகாப்பின் பெயர் ஆதாரங்களால் நிற்பது. மோதலின்போது முன்புறமும் பின்புறமும் நசுங்கி, நடுவிலுள்ள அறை நசுங்காமல் நிற்க வேண்டும் என்ற கருத்துக்கு பேலா பரெனி என்ற பொறியியலாளர் 1951-இல் காப்புரிமை கோரினார்; 1959-இல் வந்த துடுப்புவால் 220 கார்களில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பொஷ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய, சில்லுகள் இறுகிவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் முறை 1978-இல் எஸ் வகுப்பில் கிடைத்தது; 1980-களின் தொடக்கத்தில் காற்றுப்பை வந்தது; சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி 1995-இல் வந்தது. இதற்கு எதிர்ப்புறமும் இருக்கிறது. 1955-இல் லெ மான் பந்தயத்தில் 300 எஸ்எல்ஆர் ஒன்று பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபின், அந்த ஆண்டின் முடிவில் நிறுவனம் பந்தயத்திலிருந்து விலகிப் பல ஆண்டுகள் ஒதுங்கி நின்றது. 1997-இல் புதிதாக வந்த ஏ வகுப்புக் கார், சுவீடன் சஞ்சிகை ஒன்று நடத்திய திடீர்த் திருப்பச் சோதனையில் கவிழ்ந்தது. விற்ற கார்களையும் திருப்பி எடுத்து, ஈஎஸ்பியை எல்லாவற்றிலும் பூட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சிறிய கார் ஒன்றில் அத்தொழில்நுட்பம் அவ்வளவு விரைவாக வந்ததற்கு அந்த அவமானமே காரணம்.

நீடித்துழைப்பின் பெயர் முக்கியமாக 1968-க்கும் 1990-களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட கார்களின் சொத்து. நம்மவர் 123 என்று சொல்லும் டபிள்யூ 123 வரிசை (இது நிறுவனம் அந்த மாதிரிக்கு இட்ட உள் எண்) 1976 தொடங்கிப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 27 இலட்சம் கார்களாக வெளிவந்தது. அதன் 240 டி, 300 டி ஆகியவற்றின் டீசல் எஞ்சின்கள் மெதுவானவை, மின்னணு எதையும் நம்பியிராதவை, ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் தலைமுறை தாண்டுபவை. கிரேக்க நாட்டில் கிரிகோரியோஸ் சாக்கினிடிஸ் என்ற வாடகைக் கார்க்காரர் தமது 1976-ஆம் ஆண்டு 240 டி காரை 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டி, 2004-இல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்த ஓட்டத்துக்கிடையே எஞ்சின்கள் பலமுறை கழற்றி மாற்றப்பட்டன என்ற செய்தியைத் தரகர்கள் சொல்வதில்லை. பாகம் மாற்ற முடிந்தது, மாற்றுவதற்குப் பாகம் கிடைத்தது, மாற்றுபவருக்குப் பொறுமை இருந்தது: பென்ஸின் ஆயுள் இவை மூன்றும் சேர்ந்தது.

1984-இன் இறுதியில் வந்த 124 வரிசையைப் பெரும்பாலான பாஸ்மார், அதாவது கராஜ் மெக்கானிக்குகள், இன்றும் 'கடைசி நல்ல பென்ஸ்' என்பார்கள். அக்கருத்து மிகைப்படுத்தப்பட்டது என்றாலும் அடிப்படையற்றதல்ல. ஆனால் அந்த வரிசைக்குள்ளேயே ஒரு பொறி உண்டு. ஏறத்தாழ 1992-க்கும் 1996-க்கும் இடையில் செய்யப்பட்ட கார்களின் எஞ்சின் மின்கம்பிகளுக்கு இடப்பட்ட உறை, எளிதில் சிதையும் பொருளால் ஆனது. எஞ்சின் சூட்டில் அது பொரிந்து உதிர்கிறது. கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியின் நெரிசலில் எஞ்சின் எவ்வளவு சூடாகும் என்பது இங்கு வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பிக்கட்டை மாற்றிய பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். உறை வெடித்தால் விலை பேசும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

அதன்பின் பெயர் சரிந்த காலம் வருகிறது. 1998-இல் அமெரிக்காவின் கிறைஸ்லருடன் இணைந்து 2007-இல் பிரிந்த காலத்தோடு அது பெருமளவு பொருந்தினாலும், எல்லாப் பழியையும் அந்த இணைப்பின்மேல் போடுவது நியாயமல்ல; 1995-இல் வந்த 210 வரிசை வட்டவிளக்கு ஈ வகுப்புக் கார்களின் துரு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. முன்பக்கச் சுருள்வில்லைத் தாங்கும் தகடு உள்ளிருந்து துருப்பிடித்துப் பிய்ந்துவிடும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்பக்க ஒழுங்கைகளில் உப்புக்காற்றில் நிறுத்தப்பட்ட 210 ஒன்றை, தூக்கியில் ஏற்றி அடியில் விளக்கடித்துப் பாராமல் வாங்கக்கூடாது. 2002-இல் வந்த 211 வரிசையில் சென்சோட்ரோனிக் என்ற மின்னணு பிரேக் முறை வந்தது. 2004-இலும் 2005-இலும் இலட்சக்கணக்கான கார்கள் உலகெங்கும் திருப்பி அழைக்கப்பட்டன. 2006-இன் திருத்தப் பதிப்பில் நிறுவனமே பழைய ஹைட்ரோலிக் முறைக்குத் திரும்பிவிட்டது. அந்த பிரேக் பம்பு தான் எத்தனை முறை இயங்கியது என்று எண்ணிவைத்து, குறித்த அளவு நெருங்கியதும் எச்சரிக்கை கொடுக்கும் இயல்புடையது. இந்நாட்டில் ஈ 200, ஈ 220 என்று ஓடும் 2002–2006 கார்களை வாங்குபவர் அந்த எண்ணிக்கையைக் கணினியில் வாசிப்பித்தே ஆகவேண்டும்.

எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து வரி ஏறும் நாடு இது என்பதால், கொழும்பில் மிகுதியாகக் காணப்படுவது ஆறு சிலிண்டர் பென்ஸ் அல்ல, 1.8 லீற்றர் பெற்றோல் எஞ்சின் கொண்ட சீ 180, சீ 200, ஈ 200 ஆகியவையே. எம் 271 என்ற அந்த எஞ்சினில் நேரச் சங்கிலி (வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் சங்கிலி) நீளுவதும், அதைப் பிடிக்கும் பற்சில்லுகள் தேய்வதும் நன்கு அறியப்பட்ட குறை. 2005-ஐ ஒட்டிய ஆறு சிலிண்டர் எம் 272 எஞ்சின்களில் சமநிலைத் தண்டின் பற்கள் முன்கூட்டியே தேயும். அதைச் சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டும். காற்றுத் தாங்கிகளில் மிதக்கும் 220 வரிசை எஸ் வகுப்பைப் பற்றி ஒரே சோதனைதான்: மாலையில் நிறுத்தியிருக்கும்போது சில்லு வளைவின் உயரத்தை அளந்துவிட்டு, காலையில் மறுபடி அளக்கச் சம்மதிக்கிறாரா என்று உரிமையாளரைக் கேளுங்கள்; தாங்கி கசிந்தால் இரவில் வண்டி தாழ்ந்திருக்கும்.

204 வரிசைச் சீ வகுப்பின் பிற்பகுதி, 212 வரிசை ஈ வகுப்பு ஆகியவற்றில் தரம் மீண்டது என்பதே பொதுவான கணிப்பு. எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆயினும் அவை பெர்த்தா அம்மையாரின் தொப்பி ஊசிக்கு இடங்கொடுக்கும் வண்டிகள் அல்ல. சிறு உணரி ஒன்று செத்தாலும் கணினி வேண்டும்.

எண்களை வாசித்தல்

இப்போது ஒரு குறித்த வண்டிக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது பூட்டில், அதாவது பின்பெட்டி மூடியில், உள்ள எழுத்தையல்ல, வண்டியின் அடையாள எண்ணான செசி இலக்கத்தை. பூட்டில் ஒட்டும் எழுத்துகள் வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். சாதாரண சீ 180 ஒன்று ஒரே பிற்பகலில் சீ 63 ஆகிவிடும். 1967-இல் தனிப் பட்டறையாகத் தொடங்கிப் பின்னர் பென்ஸின் கைக்குள் வந்த ஏஎம்ஜியின் பெயர்தான் அதிகம் இப்படிப் பாவிக்கப்படுகிறது. 'ஏஎம்ஜி லைன்' என்பது பம்பர், சில்லு, உள்ளலங்காரம் ஆகியவற்றின் தொகுப்பு மாத்திரமே. சீ 63 போன்ற உண்மையான பெரிய ஏஎம்ஜி எஞ்சினின் மேல் அதைப் பூட்டியவரின் கையொப்பம் பொறித்த சிறு தகடு இருக்கும்.

1980-களின் தொடக்கத்திலிருந்து செசி இலக்கம் 17 இடங்கள் கொண்டது. ஐரோப்பிய முறையில் செய்த பழைய கார்களில் முதல் மூன்றும் டபிள்யூ, டி, பி என்ற எழுத்துகள். 2000-களின் நடுப்பகுதிக்குப் பின் கார்களில் மூன்றாம் எழுத்தும் டி ஆயிற்று. அடுத்த ஆறு இலக்கங்கள் மாதிரியைச் சொல்லும். 123123 என்றிருந்தால் அது 240 டி; 201024 என்றிருந்தால் அது 190 ஈ. அந்த ஆறின் முதல் மூன்றே வரிசையின் எண் என்பதால், விற்பவர் 124 என்று சொல்லும் வண்டியில் வேறு மூன்று இலக்கங்கள் இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. பத்தாம் இடம் நமக்கு மிக முக்கியமானது. பொதுவாக 1 என்றால் இடக்கைச் சுக்கான், 2 என்றால் வலக்கைச் சுக்கான். ஒருகாலத்தில் ஜப்பானில் இடக்கைச் சுக்கான் பென்ஸ் வைத்திருப்பதே கௌரவமாகக் கருதப்பட்டதால் அங்கிருந்து இரண்டு வகையும் வெளியேறின. இங்கு வலப்பக்கச் சுக்கானோடு நிற்கும் வண்டியின் பத்தாம் இடத்தில் 1 இருந்தால், சுக்கானையும் அதன் முன்பலகையையும் யார், எங்கே மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். பதினோராம் எழுத்து தொழிற்சாலை: ஏ என்றால் சிண்டெல்ஃபிங்கன், எஃப் என்றால் பிரேமன்.

அந்த இலக்கம் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 190, 124 போன்ற கார்களில் பொனெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள சுவர்த் தகட்டில் நேரடியாக இரும்பில் அடிக்கப்பட்டிருக்கும். முன் குறுக்குச் சட்டத்திலுள்ள தகட்டிலும் அதே எண் இருக்கும். பிற்காலக் கார்களில் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, தரைவிரிப்பில் வெட்டப்பட்டுள்ள சிறு மடலைத் தூக்கினால் இரும்பில் அடித்த எண் தெரியும். அந்த மடலைத் தூக்கிய கையோடு விளிம்பின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். அடியில் மெல்லிய வண்டல் மண் இருந்தாலோ, இருக்கைத் தண்டவாளத்தின் ஆணிகள் மட்டும் துருப்பிடித்திருந்தாலோ, அந்த வண்டி வெள்ளத்தில் நின்றது. 2016 மே வெள்ளத்தில் களனி கங்கை கொலன்னாவைப் பக்கம் ஏறியபோது மூழ்கிய வண்டிகள் எல்லாம் உடைப்பதற்குப் போய்விடவில்லை. இருக்கைக்கடியில் மின்னணுப் பெட்டிகள் வைக்கும் வழக்கமுள்ள ஆடம்பரக் காருக்கு வெள்ளம் தரும் சேதம் ஆண்டுகள் கழித்தும் வெளிவரும்.

எண்கள் பொருந்தியபின் அவற்றைக் கொண்டு வண்டியின் தரவு அட்டையைப் பெறலாம். தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளில் அது என்ன நிறம், என்ன உள்ளுறை, எந்த எஞ்சின், எந்தக் கியர்பெட்டி, என்னென்ன மேலதிகப் பொருள்கள் என்பதெல்லாம் குறியீடுகளாக அதில் இருக்கும். நிறக்குறி 040 என்றால் கறுப்பு, 744 என்றால் வெள்ளி. அட்டையில் 744 இருந்து எதிரே கறுப்பு வண்டி நின்றால், திருமண வாடகைக்காக நிறம் மாற்றியதாகவும் இருக்கலாம், விபத்தாகவும் இருக்கலாம். கதவு இறப்பரின் உட்புறத்தை விலக்கிப் பார்த்தால் பழைய நிறம் தெரியும்.

தாள்களை வாசித்தல்

இலங்கையில் இலக்கத் தகடே அரை வரலாறு. முதலில் ஆங்கில எழுத்துத் தகடு, பிறகு 1950-களின் பிற்பகுதியில் வடக்கில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பிய, சிங்கள எழுத்தில் ஸ்ரீ பொறித்த ஸ்ரீ தகடு, அதன்பின் வெறும் இலக்கங்கள், 2000-ஆம் ஆண்டிலிருந்து இரண்டெழுத்து, பின்னர் மூன்றெழுத்து. ஆனால் தகடு சொல்வது வண்டி இந்நாட்டில் பதிவான காலத்தை, செய்யப்பட்ட காலத்தை அல்ல. ஸ்ரீ தகடுள்ள பழைய பென்ஸ் என்றால் பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் இரும்பில் உள்ளவற்றோடு எழுத்துக்கெழுத்து பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பழைய புத்தகம் ஒன்றுக்கு வேறு உடல் பூட்டப்பட்டிருந்தால் அந்தச் சிக்கல் வாங்கியவரோடுதான் தங்கும்.

புத்தகத்தில் முழு உரித்தாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா, முன்னைய உரிமையாளர் எத்தனை பேர், பெர்மிட்டில் (வரிச்சலுகை அனுமதியில்) வந்த வண்டியா, அவ்வாறாயின் மாற்றத்துக்குத் தடை எதுவும் எஞ்சியிருக்கிறதா என்பவற்றைப் பார்த்தபின், நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு விவரத்தைத் தனியாகவும் பெற்றுக்கொள்ளுங்கள். விற்பவர் காட்டும் நிழற்படப் பிரதி போதாது.

வண்டி வந்த வழியைப் பொறுத்து வேறு தாள்களும் உண்டு. 1939-இல் கொழும்பில் தொடங்கப்பட்டு நீண்ட காலமாக பென்ஸின் முகவராக இருக்கும் டிமோ மூலம் விற்ற கார் என்றால், அங்கே செய்த பராமரிப்பின் பதிவைக் கேட்கலாம். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்ததென்றால் ஏலத் தாளின் பிரதியைக் கேளுங்கள். உடலின் படத்தில் எங்கெங்கே கீறல், எங்கே தகடு மாற்றம் என்று குறியிட்டிருப்பார்கள், ஆர் என்ற தரம் பழுதுபார்த்த வண்டியைக் குறிக்கும். பிரித்தானியாவிலிருந்து வந்ததென்றால் அந்நாட்டுப் பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள். அங்கே வருடாந்தத் தகுதிச் சோதனையின் பெறுபேறுகளும் அன்றைய மைல் கணக்கும் இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியவை. ஆனால் அச்சோதனை மூன்றாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் கப்பலேறிய வண்டிக்கு அங்கே பதிவிராது. 2020-இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கும் வரை புதுவரவு மிகக் குறைவாக இருந்ததால், அக்காலத்தில் விற்கப்பட்ட பழைய கார்கள் பல கைமாறி, மீட்டரும் சில வேளை சுற்றப்பட்டு வந்திருக்கும். கணினி இணைத்துப் பார்க்கும் இடத்தில் மீட்டர்ப் பெட்டியோடு நின்றுவிடாமல், ஓட்டத்தைப் பதியும் ஏனைய கருவிகளிலும் என்ன எண் இருக்கிறதென்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் மிதியின் இறப்பர் வழவழவென்றிருக்க மீட்டர் 60,000 கிலோமீற்றர் காட்டினால் கணினியும் தேவையில்லை.

குளிர்ந்த எஞ்சின்

வண்டி பார்க்கப் போகும் நேரத்தை நீங்களே தீர்மானியுங்கள். காலை ஏழு மணி நல்லது. போனவுடன் முதற்காரியம், பேச்சுக் கொடுக்காமல் உள்ளங்கையைப் பொனெட்டின்மேல் வைப்பது. சூடாக இருந்தால் "இப்பதான் பெற்றோல் அடிச்சிட்டு வந்தனான்" என்பார்கள். மறுப்புச் சொல்லாமல் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். எம் 271 எஞ்சினின் நேரச் சங்கிலி பேசுவது இரவு முழுதும் நின்ற எஞ்சினை முதல்முறை எழுப்பும்போதுதான். ஒயில் அழுத்தம் ஏறுமுன் இரண்டு மூன்று விநாடி, தகரப் பேணிக்குள் ஆணி குலுக்கியதுபோல் சலசலத்துவிட்டு அடங்கிவிடும். சூடான எஞ்சினில் அது கேட்காது. தெஹிவளையில் வெள்ளி நிறச் சீ 200 ஒன்றைப் பார்த்தபோது, வீட்டுக்காரர் படலையைத் திறக்கவே வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஏசி போட்டுக் குளிரவைத்து வைத்திருக்கிறேன் என்றார். ஒயில் மூடியைக் கழற்றி உள்ளே விளக்கடித்தபோது கபிலக் களிம்பு கரண்டியால் வழிக்கக்கூடிய அளவுக்கு இருந்தது. நிறுவனம் ஒப்புதல் கொடுத்த 229.5 வகை ஒயிலை அது வெகுகாலமாகக் கண்டிராது.

பழைய டீசல் கார் என்றால் சோதனை எளிது: குளிரில் எத்தனை முயற்சியில் எழும்புகிறது, புகை நீலமா கறுப்பா, ஒயில் மூடியைத் திறந்து வைத்தால் அது நடனமாடித் தள்ளப்படுகிறதா என்பவை போதும். ஓட்டிப் பார்க்கும்போது கியர் மாறும் தருணத்தில் முதுகில் உதைப்பு இருக்கக்கூடாது. வாழ்நாள் முழுதும் கியர் ஒயில் மாற்றத் தேவையில்லை என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட கியர்பெட்டிகள் இவை, அந்தப் பேச்சை நம்பியவர்களின் வண்டிகள்தான் உதைக்கின்றன. நெரிசல் நேரத்தில் ஒருமுறை காலி வீதியில் ஓட்டி, வெப்பமானியின் முள் எங்கே நிற்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

பாகமும் பாஸும்

விலை பேசுமுன் ஒருநாள் பஞ்சிகாவத்தைக்குப் போய்வருவது பெறுமதியான செலவு. பென்ஸ் பாகங்களின் எண் ஏ என்ற எழுத்தில் தொடங்கிப் பத்து இலக்கங்கள் கொண்டது. முதல் மூன்று இலக்கங்கள் அப்பாகம் எந்த வரிசைக்காக அல்லது எந்த எஞ்சினுக்காக முதலில் செய்யப்பட்டது என்று காட்டும். 271 என்று தொடங்கினால் அந்த எஞ்சினுக்கானது. நட்சத்திரம் பொறித்த பெட்டியில் வருவதெல்லாம் அசலுமல்ல, நட்சத்திரம் இல்லாதவை எல்லாம் போலியுமல்ல. பொஷ், லெம்ஃபோர்டர், சக்ஸ், மான் போன்ற கம்பனிகள் தொழிற்சாலைக்கே பாகம் கொடுப்பவை. அவற்றின் சொந்தப் பெட்டியில் அதே தரம் குறைந்த விலையில் கிடைக்கும். உங்கள் கண்ணிலுள்ள வண்டிக்கு வேண்டிய நான்கைந்து பாகங்களின் விலையைக் கேட்டு, அவற்றின் கூட்டுத்தொகையை விலையோடு சேர்த்த பிறகுதான் அந்த வண்டியின் உண்மையான விலை தெரியும். 123-க்கும் 124-க்கும் கழற்றிய பாகங்களும் தாராளம். 220 வரிசையின் காற்றுத் தாங்கிக்கு விலை கேட்டால் கடைக்காரரே சிரிப்பார்.

பார்க்க வரும் பாஸ் விற்பவரின் ஆளாக இருக்கக்கூடாது, உங்கள் வீட்டு டொயோட்டாவைப் பார்ப்பவராக இருப்பதும் போதாது. பென்ஸுக்கே உரிய கணினி வைத்திருக்கும் கராஜ்கள் கொழும்பில் பல உள்ளன. சோதனைக்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு, தாளில் எழுதித் தருபவரைத் தேடுங்கள். "நல்ல வண்டி, எடுங்கோ" என்ற வாய்ச்சொல் அறிக்கையாகாது.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி மனதுக்குப் பிடித்தால், கையெழுத்திட்ட வெற்று மாற்றப் பத்திரங்களை, அதாவது தரகர்கள் 'ஓபன் பேப்பர்' என்பதை, வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட வேண்டாம். பதிவிலுள்ள உரிமையாளரே நேரில் வந்து கையொப்பமிட வேண்டும், அடையாள அட்டைப் பிரதி தர வேண்டும். வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றும் காலாவதியாகாதிருக்க வேண்டும். காப்புறுதியை அன்றே உங்கள் பெயரில் எடுங்கள், பணத்தின் கடைசிப் பகுதியைத் திணைக்களத்தில் மாற்ற விண்ணப்பம் ஏற்கப்படும் நாளன்று அங்கேயே கொடுங்கள். அதற்குச் சம்மதியாத விற்பனையாளரிடம் எந்த வரிசைப் பென்ஸையும் வாங்க வேண்டியதில்லை.